பிரெஸ்ஸோனிடம் கற்றுக்கொண்டு மாட வீதியில் படம் எடுப்பது

சென்னையில் தெருப் புகைப்படம் எடுக்கத் தொடங்கும் பலருக்கும் முதலில் அறிமுகமாகும் பெயர், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். அவரோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘தீர்மானகரமான கணம்’ என்ற தொடரையும் யாராவது சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டவுடன், கண் இமைப்பதற்குள் ஓடிப்போய் எதையோ பிடித்துவிட வேண்டும் என்று மனம் பரபரக்கும். பாண்டி பஜாரில் ஒரு மாலை முழுவதும் நடந்து நானூறு படம் எடுத்து, வீட்டுக்கு வந்து பார்த்தால் நானூறும் யாரோ ஒருவருடைய முதுகாக இருந்த அனுபவம் எனக்கு உண்டு. அவருடைய படங்களை நிதானமாகப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், அவர் துரத்தியவர் அல்லர், பெரும்பாலும் காத்திருந்தவர் என்பது புரிந்தது. அந்தக் காத்திருப்பை நம் ஊர்த் தெருக்களில் எப்படிப் பழகுவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தொடரே ஒரு மொழிபெயர்ப்பு விபத்து என்று சொல்லலாம். 1952-இல் பாரிஸில் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பிரெஞ்சில் ‘இமாஜ் ஆ லா சோவெத்’ என்று பெயர். உரிமம் இல்லாமல் நடைபாதையில் கடை விரித்து, எந்த நேரத்திலும் சுருட்டிக்கொண்டு ஓடத் தயாராக இருக்கும் வியாபாரியைக் குறிக்கப் பிரெஞ்சுக்காரர்கள் புழங்கும் சொல் அது. ஆங்கிலப் பதிப்புக்கு, முன்னுரையின் தலைப்பில் இருந்த ஒரு மேற்கோளிலிருந்து ‘தீர்மானகரமான கணம்’ என்ற தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். உலகம் அதையே பிடித்துக்கொண்டது. தி.நகர் ரங்கநாதன் தெருவைத் தெரிந்தவர்களுக்கு மூலத் தலைப்பை விளக்க வேண்டியதில்லை. மாநகராட்சி வண்டி வருகிறது என்று முனையிலிருந்து குரல் வந்ததும், விரித்த தார்ப்பாயின் நான்கு முனைகளையும் அள்ளி மூட்டையாக்கித் தோளில் போட்டுக்கொள்ளும் அந்த வியாபாரி, மற்ற நேரமெல்லாம் அதே இடத்தில், அதே கவனத்தோடு உட்கார்ந்திருப்பவர்தான். தெருவில் படம் எடுப்பவருக்கு வேண்டிய மனநிலையும் ஏறக்குறைய அதுவே.

பிரெஸ்ஸோன் இளமையில் ஆந்திரே லோத் என்ற ஓவியரிடம் பயின்றவர். படச் சட்டத்துக்குள் கோடுகளும் வெளிகளும் எப்படி அமைய வேண்டும் என்பது அவருக்கு ஓவியத்திலிருந்து வந்த பழக்கம். 1932-இல் பிரான்சின் இயேர் நகரில் அவர் எடுத்த சைக்கிள்காரர் படத்தைப் பாருங்கள். மேலே நின்று பார்க்கையில் படிக்கட்டு சுழன்று இறங்குகிறது, கைப்பிடிக் கம்பிகள் வளைகின்றன, கீழே தெரு வேறொரு வளைவாகத் திரும்புகிறது. அந்த வளைவுகள் முடிகிற இடத்தில் ஒரு சைக்கிள் மங்கலாகக் கடந்துபோகிறது. படிக்கட்டும் தெருவும் எங்கும் ஓடிப்போவதில்லை. இடத்தை முதலில் கண்டுபிடித்தால், ஆள் தானாக வருவார்.

ஆகவே முதல் வேலை, ஆளைத் தேடாமல் மேடையைத் தேடுவது. சென்னையில் மேடையைத் தேர்ந்தெடுக்கும்போது வெயில் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் கடற்கரை கிழக்கு நோக்கியது என்பதால், மெரினாவில் காலை ஆறரை மணிக்குக் கடலைப் பார்த்து எடுத்தால் மனிதர்கள் கறுப்பு உருவங்களாக மட்டும் தெரிவார்கள்; அதே இடத்தில் மாலை ஐந்து மணிக்குச் சூரியன் ஊர்ப் பக்கமிருந்து சாய்வாக அடிக்கும்போது, கரையைப் பார்த்துத் திரும்பியவர்களின் முகங்கள் பொன்னிறமாகும். மயிலாப்பூரின் வடக்கு மாட வீதியும் தெற்கு மாட வீதியும் கிழக்கு மேற்காகச் செல்பவை. ஆதலால் காலையிலும் மாலையிலும் வெயில் வீதியின் நீளத்துக்கே படுத்து வரும், காய்கறிக் கூடைகளின் நிழல்கூட ஒரு முழத்துக்கு நீளும். தங்கசாலைத் தெரு வடக்கு தெற்காகப் போவதால் அங்கே கதை வேறு. இரு பக்கமும் மாடிக் கட்டடங்கள் மறைப்பதால், உச்சிப் பொழுதை ஒட்டித்தான் வெயில் தரையில் விழும். அதுவும் துண்டு துண்டாக விழும். அந்த வெளிச்சத் துண்டு ஒன்றுக்கு எதிரே நின்றுகொண்டு, மூட்டை சுமப்பவர் ஒருவர் அதற்குள் நுழையும் நொடிக்குக் காத்திருப்பது அருமையான பயிற்சி.

நண்பகல் வெயிலில் படமே எடுக்கக் கூடாது என்று ஒரு விதி சொல்வார்கள். ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும் ஊர் இது என்பதால், அந்த விதியில் பாதி நியாயம் இருக்கிறது. கண்குழிகள் கறுத்துப்போகும், நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். ஆனால் கடைகளின் நீலத் தார்ப்பாய்க் கூரைகளும் பந்தல்களும் அந்த வெயிலை வடிகட்டி ஒரு மெல்லிய ஒளியைக் கீழே பரப்புகின்றன. பன்னிரண்டு மணிக்கு அந்தக் கூரைகளுக்கு அடியில் நில்லுங்கள்.

மேடைக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது சுவர். பிரெஸ்ஸோனின் படங்களில் மிகவும் பெயர்பெற்றது, 1932-இல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் எடுத்தது: தேங்கிய மழைநீரை ஒருவர் தாவிக் கடக்கிறார், குதிகால் இன்னும் நீரைத் தொடவில்லை. பலரும் தாவும் மனிதரோடு நிறுத்திவிடுவார்கள். பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் ஒரு நடனக்காரி எதிர்த் திசையில் அதே போலத் தாவுகிறாள்; அதையும் பார்த்தால்தான் படம் முழுமையாகும். சுவரொட்டிக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. திரைப்பட நாயகன், தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட சுவருக்கு எதிர்ப்புற நடைபாதையில் நின்று, சட்டத்தை அமைத்துக்கொண்டு, கடந்து போகிறவர்களை அரை மணி நேரம் பாருங்கள். சுவரில் கை நீட்டி நிற்கும் தலைவரின் விரலுக்கு நேர் கீழே இளநீர்க்காரர் அரிவாளை ஓங்கும் தருணம் முப்பது நிமிடத்தில் ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் மறுநாள் போங்கள். சுவர் மாறியிருந்தால் வேறு சுவர்.

அந்தப் படத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் தொடக்கநிலையாளருக்கு ஆறுதலாக இருக்கும். எடுத்த படத்தை ஓரம் வெட்டக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தவர் பிரெஸ்ஸோன். ஆனால் வேலி இடுக்கின் வழியாக லென்ஸை நுழைத்து எடுத்த இந்தப் படத்தின் ஓரத்தை அவர் வெட்டியே வெளியிட்டார்.

கருவியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அவர் படமெடுத்த காலத்தின் பெரும்பகுதியை ஒரு சிறிய லைக்கா காமிராவையும் 50 மி.மீ. குவியத்தூர லென்ஸையும் வைத்தே கழித்தார், ஃபிளாஷை வெறுத்தார். உங்களிடம் இருப்பது கைப்பேசியானால், அதன் முதன்மை லென்ஸ் ஏறக்குறைய 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமமானது; இரு மடங்கு என்ற அமைப்பை வைத்தால் 50-க்கு அருகில் வந்துவிடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று மாதம் அதை மாற்றாதீர்கள். எத்தனை அடி தூரத்தில் நின்றால் எவ்வளவு சட்டத்துக்குள் அடங்கும் என்பது கண்ணுக்கே பழகிப்போனால்தான், காமிராவை உயர்த்தும் முன்பே படம் தெரியத் தொடங்கும்.

காமிரா உள்ளவர்கள், ஃபோகஸ் தேடும் நேரத்தை மிச்சப்படுத்த, அதை முன்கூட்டியே நிலைநிறுத்திக்கொள்ளலாம். முழு அளவு (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்ஸாரில் 28 மி.மீ. லென்ஸின் துளை அளவை எஃப் 8-இல் வைத்து ஃபோகஸைச் சுமார் மூன்றேகால் மீட்டரில் நிறுத்தினால், ஒன்றரை மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து தொடுவானம் வரை எல்லாம் போதுமான தெளிவோடு இருக்கும். 50 மி.மீ.க்கு அந்தச் சலுகை இல்லை. எஃப் 8-இல் மூன்று மீட்டரில் நிறுத்தினால் சுமார் 2.3 முதல் 4.2 மீட்டர் வரைதான் தெளிவு கிடைக்கும், ஆகவே தூரத்தைக் கண்ணால் அளக்கப் பழக வேண்டும். நடப்பவர்களுக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஓடுபவர்களுக்கு 1/500 என்று வைத்துக்கொண்டு, ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டுவிடுங்கள். விடியுமுன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் மட்டும் இது செல்லாது; அங்கே விளக்கொளியில் ஐ.எஸ்.ஓ. 3200-க்குக் கூசாமல் ஏற வேண்டும், காலுக்கு வழுக்காத செருப்பும் வேண்டும்.

இனி ஆட்களிடம் நடந்துகொள்வது. பிரெஸ்ஸோன் தன் காமிராவின் பளபளக்கும் பாகங்களில் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துக்கொண்டவர். பாரிஸில் அது போதுமாக இருந்திருக்கலாம். மயிலாப்பூரில் யாரும் யாருக்கும் மறைந்துவிட முடியாது. ஐந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்றாலே, “இன்னா தம்பி, யூடியூப் சேனலா?” என்று கேட்டுவிடுவார்கள். “இல்லக்கா, சும்மா பழகுறதுக்கு எடுக்குறேன்” என்று உண்மையைச் சொல்லிவிட்டு, கேட்பவரிடம் அரை கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு, அங்கேயே நில்லுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், முடியைச் சரிசெய்வார்கள். அந்தப் படங்கள் பயன்படாது. பதினோராவது நிமிடத்தில் வியாபாரம் உங்களை மறக்கடித்துவிடும்.

கேட்காமல் எடுக்கக் கூடாத இடங்களும் உண்டு. நடைபாதையில் உறங்குபவர், குடித்து விழுந்து கிடப்பவர், மருத்துவமனை வாசலில் அழுபவர் ஆகியோரை நான் எடுப்பதில்லை. குழந்தைகளை எடுக்கும்போது உடன் வந்தவரிடம் கேட்டுவிடுகிறேன். கோயிலுக்குள்ளும் ரயில், மெட்ரோ நிலையங்களிலும் அனுமதி பெறாமல் காமிராவை வெளியே எடுக்காதீர்கள். யாராவது அழிக்கச் சொன்னால், வாதாடாமல் அவர் கண்முன்னே அழித்துவிடுவது நல்லது. துயரத்தின் அருகே எப்படி நிற்பது என்பதற்கு, நம் நாட்டிலேயே பிரெஸ்ஸோனின் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1948 ஜனவரி 30 அன்று, சுடப்படுவதற்குச் சற்று முன்பு காந்தியைச் சந்தித்து, பின்னர் இறுதி ஊர்வலத்தையும் படமெடுத்த அவர், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் ஆசிரமத்தில் இருந்தார். காந்தியின் ஊர்வலப் படங்களில் சிதையைவிட, அதைப் பார்க்கத் தவித்த கூட்டத்தின் கைகளும் முகங்களும்தான் நம் நினைவில் நிற்கின்றன.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாதது ஒன்று இருக்குமானால், அது கறுப்பு வெள்ளை. மாட வீதியின் மஞ்சளும் குங்குமமும் கனகாம்பரமும் சேர்ந்து சொல்வதைச் சாம்பலாக்கிவிட்டு, அதைக் கலை என்று அழைப்பது சோம்பல் என்பது என் கருத்து. வடிவமும் நிழலும் மட்டுமே பேசும் படமானால் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். அதேபோல், அவருடைய சட்டத்தில் பெரும்பாலும் ஒரு மையம் இருக்கும். நம் தெருவிலோ ஒரே நேரத்தில் ஆறு கதைகள் நடக்கும். அதற்கு இந்தியப் புகைப்படக்காரர் ரகு ராயின் படங்களைச் சேர்த்துப் பார்ப்பது உதவும். 1977-இல் அவரை மேக்னம் என்ற புகைப்படக்காரர்கள் கூட்டமைப்புக்கு முன்மொழிந்தவர் பிரெஸ்ஸோன்தான்; ஆனால் ரகு ராய் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் ஆட்களை நிறைத்து, ஒவ்வொருவரும் வேறு வேறு பக்கம் பார்க்கும்படி அமைப்பார். பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்தை எடுக்க இந்தப் பாடம்தான் கைகொடுக்கும்.

தேர்வு செய்வதை எடுத்த அன்றே செய்யாதீர்கள். தெருவிலேயே நின்று திரையைப் பார்ப்பது அதைவிட மோசம். குளக்கரையில் நான் தலை குனிந்து திரையைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில், புறாக் கூட்டம் முழுவதும் ஒரு பாட்டியைச் சுற்றி எழும்பி அடங்கிவிட்டது. படங்களை ஒரு வாரம் கிடப்பில் போடுங்கள். பிறகு ஒரே காட்சியில் தொடர்ச்சியாக எடுத்தவற்றை வரிசையாக வைத்து, எந்த இடத்தில் அவசரப்பட்டீர்கள், எந்த இடத்தில் ஒரு நொடி முன்னதாகக் கையை இறக்கினீர்கள் என்று பாருங்கள். இரண்டு படங்களுக்கு இடையே முடிவு செய்ய இயலாவிட்டால், ஓவியர்கள் செய்வதுபோல் இரண்டையும் தலைகீழாகத் திருப்புங்கள். முகமும் கதையும் மறைந்து, எது உறுதியாக நிற்கிறது என்பது தெரிந்துவிடும். மென்பொருளில் மெருகேற்றுவதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். பிரெஸ்ஸோன் தன் படங்களை அச்சிடும் வேலையைப் பிறரிடமே விட்டிருந்தார்.

நீங்கள் மட்டும் மாதம் ஐந்து படங்களையாவது அக்கம்பக்கத்து ஸ்டுடியோவில் 4-க்கு 6 அங்குல அளவில் அச்சிட்டு, அவற்றில் இருப்பவர்களிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். பூ கட்டும் அம்மா அதை வாங்கி, பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டி, “கை மட்டும்தான் நல்லா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகிக்கொள்வார். அடுத்த சனிக்கிழமை நீங்கள் அதே மூலையில் போய் நின்றால், நார் கிழிப்பதிலிருந்து அவர் தலை நிமிரமாட்டார்.