முடிவெடுத்த பிறகு கூட்டும் கூட்டம்

நீரோ காடோ மீன்வளமோ, அதை நம்பிப் பலர் பிழைக்கிறார்கள். எல்லோரையும் கலந்துதான் நிர்வகிக்க வேண்டும் என்பதை இப்போது யாரும் மறுப்பதில்லை. கோளாறெல்லாம் கலந்துபேசும் விதத்தில்தான்.

முதல் தவறு, எல்லாம் முடிவான பிறகு கூட்டம் போடுவது. வரைபடம் தயார், நிதியும் ஒதுக்கியாயிற்று. அப்புறம் "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால், வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கையெழுத்தே 'மக்கள் சம்மதம்' என்று கோப்பில் ஏறிவிடும்.

கூப்பிட வசதியானவர்களை மட்டும் கூப்பிடுவது இன்னொன்று. சங்கத் தலைவர் வந்தால் சங்கமே வந்ததாகக் கணக்கு. கடைமடை விவசாயி, விறகு பொறுக்கும் பெண்கள், பருவத்துக்கு வந்துபோகும் மேய்ச்சல்காரர்கள் பட்டியலிலேயே இருக்கமாட்டார்கள். வேலை நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, வராதவர்களுக்கு 'ஆர்வமில்லை' என்று எழுதுவதும் உண்டு!

இருப்பதிலேயே பெரிய தவறாக எனக்குப் படுவது, நேரில் பார்ப்பவர் சொல்வதை 'தரவு இல்லை' என்று தள்ளுவது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1980களில் கரையோர மீனவர்கள், 'காட்' (cod) என்ற கடல்மீன் குறைகிறது, கிடைப்பதும் சிறுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அரசின் மதிப்பீடோ ஆழ்கடல் இழுவைக் கப்பல்களின் பிடிப்புக் கணக்கைப் பெரிதும் நம்பியது. மீன் குறைந்தாலும் மிஞ்சியது ஓரிடத்தில் திரளும். நவீனக் கருவியுள்ள கப்பல் அந்தத் திரளைத் தேடிப் பிடித்துவிடும். அதனால் ஏட்டில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. 1992 ஜூலையில் அங்கே காட் மீன்பிடிக்கே தடை. சுமார் 30,000 பேர் பிழைப்பை இழந்தார்கள். மீனவர் பேச்சும் கப்பல் கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று முன்பே சேர்ந்து உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

கூட்டக் குறிப்பிலும் கவனம் வேண்டும். "விதைப்பு முடியவில்லை, மதகைப் பத்து நாள் தள்ளித் திறங்கள்" என்று ஒருவர் சொன்னது, "உறுப்பினர்கள் கருத்துத் தெரிவித்தனர்" என்று பதிவாகிறது. சொன்னபடியே எழுதுங்கள். ஏற்க முடியாவிட்டால் காரணத்தை அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். பதிலே வராத இடத்துக்கு யாரும் மறுபடி வரமாட்டார்கள்.

சண்டை வந்தால் கூட்டம் தோற்றது என்று நினைக்க வேண்டாம். பொதுவளங்களை ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளில் தகராறை அதிகச் செலவின்றி விரைவாகத் தீர்க்க ஓர் ஏற்பாடு இருந்ததைக் கண்டார். பிரச்சினை வந்தால் யாரிடம் போவது, எத்தனை நாளில் பதில் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.