மட்டிச் சவுடர்: வெள்ளையா, சிவப்பா, தெளிவா?

கிண்ணியாப் பக்கத்து மட்டி ஓட்டோடு கிடைத்தால் நம் வீடுகளில் அது சுண்டலாகும், இல்லாவிட்டால் தேங்காய்ப்பால் விட்ட கறியாகும். இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மட்டியை வைத்துச் செய்கிற சவுடர் என்ற சூப்பையும் ஒருக்கா செய்து பாருங்கள், திருகோணமலையில் கிடைக்கிற சாமான்களே அதற்குப் போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாலோ தக்காளியோ எதைப் போட்டாலும், மட்டி வாய் திறக்கும்போது விடுகிற தண்ணீர்தான் இந்தச் சூப்பின் உயிர். அதனால் ஓடு நீக்கி அவித்த சதையை வாங்காதீர்கள், அந்தத் தண்ணீர் ஏற்கெனவே யாரோ கீழே ஊற்றிவிட்டதாக இருக்கும். நான்கு பேருக்கு ஓட்டோடு ஒன்றரைக் கிலோ எடுங்கள். உடைந்ததையும், தட்டினாலும் வாயை மூடாமல் கிடப்பதையும் எறிந்துவிடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு கரைத்து, அதில் மட்டியை இரண்டு மூன்று மணித்தியாலம் நிழலான இடத்தில் போட்டு வைத்தால் மண்ணைக் கக்கும். நல்ல தண்ணீரில் ஊற வைத்தால் செத்துவிடும், உப்புத் தண்ணீர்தான் வேண்டும். பிறகு கையால் அள்ளி எடுங்கள், பாத்திரத்தோடு கவிழ்த்தால் அடியில் கிடக்கும் மண் திரும்ப மட்டியின் மேலேயே விழும்.

இனி அகலமான சட்டியில் ஒரு கோப்பை தண்ணீர் விட்டு மூடி, பெரிய நெருப்பில் ஐந்தாறு நிமிடம். எல்லாம் வாய் திறந்ததும் இறக்கி, கடைசி வரை திறக்காததை ஒதுக்கிவிட்டு, சதையைத் தனியே எடுத்து வையுங்கள். தண்ணீரைக் கொஞ்ச நேரம் தெளிய விட்டு மெல்லிய துணியில் வடியுங்கள். இது ஏற்கெனவே உப்பு, ஆகவே கடைசியில் ருசி பார்க்கும்வரை உப்புப் பக்கம் போகவே வேண்டாம்.

சரி, இப்போது வகைகள். உலகம் முழுக்கத் தெரிந்தது வெள்ளை, நியூ இங்கிலாந்துப் பாணி, அதாவது பொஸ்டன் இருக்கிற அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியின் பாணி. அங்கே உப்பிட்ட பன்றிக் கொழுப்பை உருக்கித் தொடங்குவார்கள். பன்றி சேராத வீடுகளில் 50 கிராம் பட்டர் போதும், அந்த உப்பும் வாசமும் வேண்டுமென்றால் ஒரு சின்னத் துண்டு மாசிக்கருவாட்டை இடித்துப் போடுங்கள், பொஸ்டன்காரர் யாரும் பார்க்கப்போவதில்லை. பெரிய வெங்காயம் ஒன்றை நிறம் மாறாமல் வதக்கி, இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா தூவிக் கிளறி, மட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சின்னச் சதுரமாக வெட்டிய மூன்று உருளைக்கிழங்கைப் போட்டு அவிய விடுங்கள். கிழங்கு வெந்த பிறகுதான் 400 மில்லிலீற்றர் பால், அதுவும் அடுப்பைக் குறைத்து, ஓரத்தில் ஆவி வருகிற அளவுக்கு மட்டும். கொதித்தால் திரிந்துவிடும். மட்டிச் சதையை இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு சேருங்கள். அவர்கள் சவுடருக்கு எடுக்கிற மட்டி பெரியது, கடினமானது, அதை நறுக்கித்தான் போடுவார்கள். நம்முடையது சின்னது, கூட வெந்தால் ரப்பர்தான்.

பசும்பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் விடலாமா என்றால் தாராளமாக விடலாம். இரண்டாம் பாலில் கிழங்கை அவித்து, முதல் பாலைக் கடைசியில் விட்டு, கறிவேப்பிலையும் பிளந்த பச்சை மிளகாயும் போட்டால் சொதிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒன்று வரும். இடியப்பத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

சிவப்பு, மன்ஹாட்டன் பாணி. பால் கிடையாது, தக்காளி, உள்ளி, கரட், செலரி எல்லாம் உண்டு. வெள்ளைக் கட்சிக்காரருக்கு இது ஆகவே ஆகாது. 1939இல் மெயின் மாநிலச் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் சவுடரில் தக்காளி போடுவதைச் சட்டவிரோதமாக்க மசோதாவே கொண்டுவந்தார்! புளோரிடாவின் சென் அகஸ்டின் ஊரில் இந்தச் சிவப்புக்குள் டாட்டில் என்ற கடும் உறைப்பு மிளகாயையும் போடுவார்கள். நம் ஊர் நைமிரிஸும் அதே இனம்தான், ஒன்றைக் கீறாமல் முழுசாகப் போட்டுக் கொதித்ததும் எடுத்துவிடுங்கள், வாசம் வரும், நாக்கு தப்பும். தக்காளி புளிப்பாக இருந்தால் ஒரு சிட்டிகை சீனி.

மூன்றாவது, ரோட் ஐலண்டுக்காரரின் தெளிவான சவுடர். பாலும் இல்லை, தக்காளியும் இல்லை, வெங்காயம், கிழங்கு, மட்டி, அதன் தண்ணீர், மிளகு, அவ்வளவுதான். என் ஓட்டு இதற்கே. நல்ல புது மட்டி கையில் இருக்கும்போது அதைப் பாலுக்குள் ஒளித்து வைப்பானேன்? மழை நாளில், தடிமன் பிடித்த மூக்கோடு, மிளகைக் கூடத் தூவிக் குடியுங்கள்.

மழை என்றதும் இன்னொன்று. மட்டி தண்ணீரை வடிகட்டி உண்கிற பிராணி, தண்ணீரில் உள்ளது அதன் உடம்பிலும் சேரும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையில் மகாவலி பெருகிக் கொட்டியாரக் குடாவில் கலங்கல் இறங்குகிற நாட்களில் வாங்காமல் விடுவது நல்லது. வாய்க்கால் வந்து விழுகிற இடங்களில் பொறுக்கியது எந்தக் காலத்திலும் வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மற்ற நஞ்செல்லாம் போகாது.

சாப்பிடும் முறைக்கு வருவோம். அங்கே சின்னச் சின்ன உப்பு பிஸ்கட்டை மேலே தூவுவார்கள், நமக்குக் கிறீம் கிறாக்கரை நொறுக்கினால் சரி. சான் பிரான்சிஸ்கோவில் புளித்த மாவுப் பாணைக் குடைந்து அதற்குள்ளேயே வெள்ளைச் சவுடரை ஊற்றித் தருவார்கள். நம் பேக்கரிப் பாண் மிருது, ஊற்றினால் அடி ஓட்டையாகிவிடும், அதனால் ரோஸ் பாணை வெட்டிப் பட்டர் பூசித் தோசைக்கல்லில் மொறுமொறுவென வாட்டித் தொட்டுக்கொள்ளுங்கள். சிவப்புக்குத் தேசிக்காய் பிழியலாம், வெள்ளைக்குப் பிழியாதீர்கள், திரிந்துவிடும்.

மிஞ்சினால் குளிர்ப்பெட்டியில் மறுநாள் வரை தாங்கும். சூடாக்கும்போது மட்டியைக் கரண்டியால் எடுத்து வைத்துவிட்டுச் சூப்பை மட்டும் சூடாக்கி, கடைசியில் திரும்பப் போடுங்கள்.