உயிரியல் திருப்புதலில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

"அதிக வெப்பத்தில் நொதி இறந்துவிடுகிறது." விடைத்தாள் திருத்தும்போது இந்த வரி வராத கட்டே இல்லை. எழுதியவர் படிக்காதவர் அல்ல. உடலின் வினைகளை வேகப்படுத்தும் நொதி என்பது புரதம் என்று அதற்கு முந்தைய வரியிலேயே சரியாக எழுதியிருப்பார். புரதத்துக்கு உயிர் ஏது, இறப்பதற்கு? வெப்பம் கூடும்போது அதன் மடிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுகின்றன. தளப்பொருள், அதாவது நொதி வினைபுரியும் பொருள், வந்து பொருந்தும் இடம் உருக்குலைகிறது. இதற்குப் பெயர் இயல்பிழத்தல். அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்புகள் இதில் அறுவதில்லை, அமினோ அமில வரிசை அப்படியேதான் இருக்கிறது. குளிரிலும் நொதி இயல்பிழக்கும் என்று எழுதுவது இதற்கு அடுத்த தவறு. குளிரில் மூலக்கூறுகள் மெதுவாக நகர்கின்றன, மோதல்கள் குறைகின்றன, வினை மந்தமாகிறது, அவ்வளவுதான். மீண்டும் வெப்பம் கிடைத்தால் வேகமும் திரும்பும்.

இப்படிப்பட்ட பிழை வருவதற்குக் காரணம் திருப்புதல் செய்யும் முறை. வண்ணக்கோடு போட்ட வரிகளை நான்காவது முறையாக வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். தெரிந்திருப்பது பக்கத்தின் தோற்றம்தான். புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவை வரைந்து, எந்த வினை எந்த இடத்தில் நடக்கிறது என்று குறித்துப் பாருங்கள். கை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து படியுங்கள்.

தாவரவியலில் அசைக்கவே முடியாத தவறு ஒன்று உண்டு: "தாவரம் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்." சுவாசம் 24 மணி நேரமும் நடக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. எப்போதும் வேண்டும், வெயில் அடிக்கிறது என்பதற்காக மைட்டோகாண்ட்ரியா ஓய்வெடுப்பதில்லை. பகலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் சுவாசத்தின் வேகத்தைத் தாண்டிவிடுவதால், மொத்தக் கணக்கில் ஆக்சிஜன் வெளியே வருகிறது. காலையிலும் மாலையிலும் மங்கிய ஒளியில் இரண்டும் சமமாகும் கட்டம் ஒன்று உண்டு. அப்போது வாயு எதுவும் நிகரமாக உள்ளே போவதும் இல்லை, வெளியே வருவதும் இல்லை. வரைபடத்தில் கோடு பூஜ்யத்தைத் தொடும் இடம் அது. இரண்டு செயல்களும் ஒருசேர நடக்கின்றன என்று புரியாதவர் அந்தப் புள்ளியில் ஒளிச்சேர்க்கை நின்றுவிட்டது என்று எழுதிவிடுகிறார்.

வெளிவரும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது என்று கேட்டால் கார்பன் டை ஆக்சைடு என்பவர்கள் இன்னும் பலர். அது நீரிலிருந்து வருகிறது. 1941-இல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் காமனும் சக ஆய்வாளர்களோடு ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பு கலந்த நீரைக் குளோரெல்லா பாசிக்குக் கொடுத்தார்கள். வெளிவந்த வாயுவில் அதே ஐசோடோப்பு இருந்தது. இந்தச் சோதனையை ஒருமுறை புரிந்துகொண்டவருக்கு விடை மாறாது. 'இருள் வினை' என்ற பெயரும் பலரைத் தடுக்கி விழச் செய்கிறது. அந்தப் பெயரால் குறிக்கப்படுவது கார்பன் டை ஆக்சைடிலிருந்து சர்க்கரை உருவாகும் கால்வின் சுழற்சி; அதற்கு இருட்டு தேவையே இல்லை. ஒளி வினையில் உருவாகும் ஏ.டி.பி.யும், எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்.ஏ.டி.பி.எச்-உம் வேண்டும் என்பதால் வழக்கமாகப் பகலில்தான், பசுங்கணிகத்தின் உட்பகுதியான ஸ்ட்ரோமாவில் நடக்கிறது.

நீர் எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லும் அளவான நீரியல் திறனில் பிரச்சினை எதிர்க்குறியால் வருகிறது. தூய நீருக்கு மதிப்பு 0. ஒரு செல் −300 கிலோபாஸ்கல், பக்கத்துச் செல் −700 என்றால், 700 பெரியது என்று நினைத்து அம்புக்குறியைத் தலைகீழாகப் போடுகிறார்கள். −300-தான் பெரியது. நீர் அங்கிருந்து −700-ஐ நோக்கிப் போகும்.

சிவப்பு வெங்காயத் தோலை அடர் உப்புக் கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். சிவப்பு நிறம் நான்கு ஓரங்களையும் விட்டு விலகி நடுவில் திரள்கிறது, ஆனால் செங்கல் அடுக்கியதுபோன்ற சுவர்கள் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கின்றன. "செல் சுருங்கியது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் மதிப்பெண் போகும். சுருங்கியது உள்ளே இருக்கும் புரோட்டோபிளாசம், பிரிந்தது செல் சவ்வு. சுவருக்கும் சவ்வுக்கும் இடையே உள்ள வெளியில் என்ன இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. காற்று, வெற்றிடம், நீர் என்று விடைகள் வரும். அங்கே இருப்பது வெளியிலுள்ள அதே உப்புக் கரைசல். செல் சுவர் அனைத்தையும் உள்ளே விடும், சவ்வுதான் தேர்ந்து விடும்.

செல் பிரிதலில் குரோமோசோம் எண்ணிக்கை தவறுகிறவர்கள், இரட்டித்த இரு இழைகளும் இணைந்திருக்கும் புள்ளியான சென்ட்ரோமியரை எண்ணினால் போதும். டி.என்.ஏ. இரட்டித்த பிறகும் மனித செல்லில் குரோமோசோம்கள் 46-தான், குரோமாட்டிடுகள் எனப்படும் அந்த இழைகள்தான் 92. மைட்டாசிஸ் என்ற செல் பிரிதலில், இழைகள் விலகும் அனாபேஸ் கட்டத்தில் சென்ட்ரோமியர் பிளந்த பிறகே குரோமோசோம்கள் 92 ஆகின்றன.

தாவரத்தில் நீரைக் கடத்தும் சைலக் குழாய்கள் முதிர்ந்தபின் உயிரற்றவை. உணவைக் கடத்தும் புளோயத்தின் சல்லடைக் குழாய்க்கு உட்கரு இல்லாவிட்டாலும் உயிர் உண்டு. சுவாசத்தின் முதல் கட்டமாகக் குளுக்கோஸ் உடையும் கிளைக்காலிசிஸில் உருவாவது 4 ஏ.டி.பி., செலவு 2, மிஞ்சுவது 2. நிகர லாபம் கேட்கும் கேள்விக்கு 4 என்று எழுதாதீர்கள். முழுச் சுவாசத்தில் ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் 38 ஏ.டி.பி. என்று சில பாடநூல்களிலும், 30 முதல் 32 வரை என்று வேறு சிலவற்றிலும் இருக்கும். உங்கள் பாடநூல் சொல்வதையே எழுதுங்கள்.

உருப்பெருக்கக் கணக்கை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். படத்தில் செல்லின் நீளம் 40 மில்லிமீட்டர், உண்மை நீளம் 80 மைக்ரோமீட்டர் என்றால், முதலில் 40-ஐ 40,000 மைக்ரோமீட்டராக மாற்ற வேண்டும். விடை 500 மடங்கு. மாற்றாமல் வகுத்தவர் 0.5 என்று எழுதி அடிக்கோடும் இட்டிருப்பார். நுண்ணோக்கி அந்தச் செல்லைப் பாதியாகச் சிறிதாக்கிவிட்டது என்று பொருள் தரும் விடை அது.