ஆவாரம்பூவைப் பறித்து, காயவைத்து, பயன்படுத்தும் முறை

ரோட்டோரம், தரிசு, கரிசல் காடு என்று மழையே இல்லாத இடத்திலும் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் செடி ஆவாரை. பொங்கலுக்குக் காப்புக்கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துச் செருகுவோமே, அதுதான். கடையில் விற்கும் பொடியைவிட நீங்களே பறித்துக் காயவைப்பது எவ்வளவோ மேல், அதில் என்ன கலந்திருக்கிறது என்ற கவலையே வேண்டாம்.

முதலில் செடி சரியானதுதானா என்று பாருங்கள். மஞ்சள் பூ என்றாலே ஆவாரை ஆகிவிடாது, பொன்னாவாரையும் மஞ்சளாகத்தான் பூக்கும். ஆவாரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் மாதிரி அகலமான சின்ன இலை ஒன்று ஒட்டியிருக்கும். காய் தட்டையாக, மெல்லிசாக இருக்கும். இதைப் பார்த்த பிறகு பறியுங்கள். பஸ், லாரி புகை படும் மெயின்ரோட்டுச் செடியும், மருந்தடித்த வயல் வரப்புச் செடியும் வேண்டாம்.

காலையில் பனி உலர்ந்ததும் பறித்து, பூச்சி இருக்கிறதா என்று உதறிப் பார்த்து, அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். கையில் நொறுங்கும் பதம் வந்ததும் ஈரமில்லாத பாட்டிலில் அடைத்து வைக்கலாம்.

குடிக்க, ஒரு சிட்டிகை காய்ந்த பூவை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் போதும். உடல்சூடு தணியும், சர்க்கரைக்கு நல்லது என்று சித்த வைத்தியத்தில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். ஆனால் இதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

குளிக்க, காய்ந்த பூவோடு பச்சைப்பயறும் கொஞ்சம் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்து அரைத்துச் சலித்து, சோப்புக்குப் பதில் தேய்த்துக் குளிக்கலாம். வியர்வை நாற்றத்துக்கு இது நன்றாகவே கேட்கும். முதல் தடவை முழங்கையில் கொஞ்சம் பூசிப் பாருங்கள், அரிப்பு வந்தால் விட்டுவிடுங்கள்.

புதுப்பூ நிறையக் கிடைத்தால் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம், லேசான துவர்ப்பு இருக்கும். அப்புறம், கிளையை ஒடிக்காமல் பூவை மட்டும் கிள்ளுங்கள், ஒரே செடியை மொட்டையடிக்காமல் நாலு செடியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.