பார்த்ததைத்தான் வரைகிறோம், பிறகு ஏன் சிரிப்பு வருவதில்லை? அனிமேஷன் பகிடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விருந்துக்கு வந்தவர்கள் வெளிக்கிடும் காட்சியை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் இதைக் காணாதவர் இல்லை. "சரி, அப்ப நாங்கள் போட்டு வாறம்" என்று கதிரையை விட்டு எழும்பியதிலிருந்து படலையைத் தாண்டும்வரை அரை மணித்தியாலம் போகும். அனிமேஷன் பழகுபவர்களிடம் இதை வரையச் சொன்னால் அநேகமாக இப்படித்தான் வரும்: படலையடியில் இரண்டு பெண்கள் கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிறார்கள், மணிக்கூட்டு முள் விர்ரென்று சுற்றுகிறது, சூரியன் இறங்குகிறது, மோட்டார் சைக்கிளில் காத்திருக்கும் கணவனுக்குத் தாடி வளர்கிறது. எல்லாம் வேறு படங்களில் பார்த்தவை. எவருக்கும் சிரிப்பு வராது.

அதே இடத்தில் நின்று உற்றுப் பார்த்தவர் கணவனின் கையைத்தான் வரைவார். முதலாவது "போட்டு வாறம்" கேட்டதும் அவர் ஸ்டார்ட் பண்ணுகிறார். மூன்று செக்கன் பொறுத்துப் பார்த்து நிற்பாட்டுகிறார். இரண்டாவது தரம் ஸ்டார்ட் பண்ணிய கையோடு, "ஐயோ, சொல்ல மறந்திட்டன்" என்று மனைவியின் குரல் கேட்க, உடனேயே நிற்பாட்டுகிறார். மூன்றாவது தரம் அவர் ஸ்டார்ட் பண்ணவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கக் கண்ணாடியில் கொழுவுகிறார். கொழுவி முடிந்த கணமே மனைவி பின்னால் ஏறி இருந்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள், வெளிக்கிடுங்கோவன்" என்கிறார்.

கணவன் முழு நேரமும் பொறுமையாக இருப்பதுபோலக் காட்ட முயல்கிறார். கை மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறது. மனித நடத்தையிலிருந்து வரும் பகிடி இங்கேதான் இருக்கிறது: ஆள் மறைக்க நினைப்பதற்கும் உடம்பு காட்டிக்கொடுப்பதற்கும் இடையில். கீழே வரும் தவறுகளில் பல, இந்த இடைவெளியை விட்டுவிட்டு அசைவை மட்டும் வரைவதால் வருபவை.

நினைவிலிருந்து வரைவது

நினைவு முடிவை மட்டும்தான் வைத்திருக்கும். ஒருவர் தடக்கி விழப்போனார் என்பது ஞாபகம் இருக்கும். தடக்கிய பின் திரும்பி நிலத்தைக் குற்றவாளிபோலப் பார்த்தது, யாரும் கண்டார்களா என்று கண்ணைச் சுழற்றியது, வேணுமென்றே வேகமாக நடந்ததுபோல அடுத்த நாலு அடியை எடுத்து வைத்தது, இவை ஞாபகத்தில் நிற்காது. தடக்கியது அரைச் செக்கன். பகிடி அதற்குப் பிந்திய ஐந்து செக்கனில் கிடக்கிறது.

ஆகவே சின்னக் கொப்பி ஒன்று சட்டைப்பையில் இருக்கவேண்டும். பஸ் நிலையம், சந்தை, கலியாண வீட்டுப் பந்தி, ஆஸ்பத்திரி வரிசை, எதுவானாலும் இருபது நிமிடம் ஒரே இடத்தில் இருந்து ஒரே ஒருவரைக் கவனியுங்கள். மூன்று வரி எழுதினால் போதும்: அவருக்கு என்ன வேணும், எதை மறைக்கிறார், உடம்பில் எந்த இடம் காட்டிக்கொடுத்தது. பக்கத்தில் குச்சி மனிதனாக ஒரு கீறல். வடிவாக வரையத் தொடங்கினால் கண் ஆளை விட்டுத் தாளுக்குப் போய்விடும்.

எல்லா அடியும் ஒரே வேகம்

திரைப்பட அனிமேஷனில் ஒரு செக்கனுக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படம். சாதாரண சுறுசுறுப்பான நடையில் ஓர் அடிக்கு 12 பிரேம், ஆறுதலான நடைக்கு 16, களைத்தவருக்கும் வயதானவருக்கும் 20 அளவில் போகும். 8 என்றால் மெதுவான ஓட்டம். இந்தக் கணக்கைப் பாடமாக்கியவர்கள் விடும் பிழை, அடிக்கு 12 பிரேமில் ஒரு நடைச் சுழற்சியை (திரும்பத் திரும்ப ஓடும் இரண்டு அடியை) செய்து அதையே கடைசிவரை ஓடவிடுவது. மனிதர் அப்படி நடப்பதில்லை, அதுவும் ஏதாவது எதிர்பார்க்கும்போது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் விலை பேசும் ஒருவரைப் பாருங்கள். "அப்ப எனக்கு வேண்டாம்" என்று கத்தரிக்காயைப் போட்டுவிட்டுத் திரும்புகிறார். முதல் இரண்டு அடியும் ரோசத்தோடு 12 பிரேம். மூன்றாவது 16. அதற்குப் பிறகு 20, 24. கூப்பிடுவார்கள் என்று காது பின்னால் நிற்கிறது, தலை கால்வாசி திரும்பியிருக்கிறது, கண் மட்டும் முன்னால். கூப்பிடவில்லை என்றால் அடுத்த கடை வாழைக்காயில் திடீரென்று பெரிய அக்கறை பிறக்கும். வசனம் எதுவும் வேண்டாம், அடிகளின் பிரேம் எண்ணிக்கையே முழுக் கதையையும் சொல்லிவிடும். அவரை ஒரே வேகத்தில் நடக்கவிட்டால் வெறுமனே கடையை விட்டுப் போகும் ஒருவர், அவ்வளவுதான்.

நிறுத்தத்தைக் குறைப்பதும் இதே வகைப் பிழை. வரைந்த கைக்கு ஒவ்வொரு பிரேமும் நீளமாகத் தெரியும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு நிலையைப் பிடிக்கவே ஏழெட்டுப் பிரேம் வேண்டும், பகிடி அதில் தங்கியிருந்தால் அரைச் செக்கனுக்குக் குறையாமல் விடுங்கள். ஆனால் கல்லாக நிறுத்தவும் கூடாது. தலை ஓரிரு பிக்ஸல் இறங்கட்டும், சட்டை நுனி அடங்கட்டும், ஒரு கண் சிமிட்டல் வரட்டும். சிமிட்டல் 5 முதல் 7 பிரேம், மூடுவது விரைவு, திறப்பது சற்று மெதுவு.

கண்ணும் தலையும் சேர்ந்து திரும்புவது

சாதாரணமாகத் திரும்பிப் பார்க்கும்போது கண் முதலில் போகும், இரண்டு மூன்று பிரேம் கழித்துத் தலை, அதற்குப் பிறகு தோள். மூன்றையும் ஒரே பிரேமில் தொடங்கினால் பொம்மையைத் திருப்பியதுபோல இருக்கும். இதைப் பலரும் திருத்திக்கொள்கிறார்கள். திருத்திய பிறகு, மறைத்துப் பார்ப்பவரையும் அதே முறையில் திருப்புவதுதான் அடுத்த தவறு.

தேத்தண்ணி வேண்டாம் என்று மறுக்கும் விருந்தாளியைக் கவனியுங்கள். "ஐயோ அக்கா, ஒண்டும் வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வாறம்." முகம் வீட்டுக்கார அக்காவைப் பார்த்தபடி, கை மறுத்தபடி. பயற்றம் பணியாரத் தட்டு குசினியிலிருந்து வருகிறது. தலை ஒரு பிக்ஸலும் அசையக்கூடாது. கருவிழி மட்டும் தட்டுக்குப் போய், 6 பிரேம் நின்று, திரும்பி வரவேண்டும். மறுக்கும் கை அதே நேரத்தில் கொஞ்சம் தளரலாம். தலையைத் திருப்பிவிட்டீர்களானால் மரியாதை போய்விடும், மரியாதையோடு பகிடியும் போய்விடும்.

போன் வீடியோவை நம்பிக் கெடுவது

நடித்துப் பார்த்து வீடியோ எடுத்து அதைப் பார்த்து வரைவது நல்ல பழக்கம். ஆனால் பெரும்பாலான போன்கள் செக்கனுக்கு 30 பிரேம் எடுக்கும். 10 செக்கன் காட்சியில் 300 பிரேம் இருக்கும், அதைப் படங்களாகப் பிரித்து 24 பிரேம் கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 12.5 செக்கனாக நீளும். தண்ணிக்குள் நடப்பதுபோல எல்லாம் இழுபடும், வரைபவர் தன் வரைதல்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருப்பார். அதோடு, போன் வெளிச்சத்துக்கு ஏற்ப இடையிடையே பிரேம் வேகத்தை மாற்றும், அதனால் ஒலி நழுவும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் 24 பிரேம், மாறாத வேகம் என்று தெரிவுசெய்து மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு பிளெண்டர், ஓப்பன்டூன்ஸ் போன்ற அனிமேஷன் மென்பொருளுக்குக் கொண்டுபோங்கள். இலங்கைத் தொலைக்காட்சிக்குச் செய்கிறீர்களென்றால் 25. இதை முதல் நாளே முடிவெடுக்கவேண்டும், பாதியில் மாற்றினால் டைமிங் முழுவதும் குழம்பும்.

அடுத்தது, வீடியோவின் மேலேயே பிரேம் பிரேமாகக் கீறுவது. இந்த ரொட்டோஸ்கோப் முறைக்கு மக்ஸ் ஃபிளைஷர் 1917இல் காப்புரிமை பெற்றார். பழைய முறைதான், அதற்கென்று பயனும் உண்டு. பகிடிக்கு அது உதவாது. உயிருள்ள உடம்பில் இருக்கும் பாரம் கோட்டில் வராது, எல்லா அசைவும் ஒரே முக்கியத்துவத்தோடு மிதக்கும். வீடியோவிலிருந்து நாலைந்து முக்கிய நிலைகளையும் அவற்றுக்கு இடைப்பட்ட பிரேம் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு வீடியோவை மூடிவிடுங்கள். அதற்குப் பிறகு வரையுங்கள்.

எல்லாவற்றையும் மிகைப்படுத்துவது

மிகை வேண்டும், ஆனால் ஓரிடத்தில். நல்லூர்த் திருவிழா நாளில் மத்தியான வெயிலில் கோயில் வெளிவீதி மணலில் வெறுங்காலோடு நடப்பவரை எண்ணிப் பாருங்கள். இடுப்புக்கு மேலே கூப்பிய கை, அமைதியான முகம், நேரான முதுகு. இடுப்புக்குக் கீழே குதிக்கால் நிலத்தில் படாது, அடி 16 பிரேமிலிருந்து 10, 8, 6 என்று குறைந்துகொண்டு வரும். கீழே எவ்வளவு மிகைப்படுத்துகிறீர்களோ மேலே அவ்வளவு அடக்கமாக வைக்கவேண்டும். முகத்தையும் கோணலாக்கி, கண்ணையும் பிதுக்கி, காலில் புகையும் வரவைத்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். இந்த இடத்தில் பக்தியைத் தொடவும் தேவையில்லை. மணலுக்கும் பாதத்துக்கும் இடையில் நடக்கும் விஷயம் இது, கும்பிடுகிறவரே சிரிப்பார்.

சாரம் கட்டியவரை வரைவதில் இன்னொரு இழப்பு நடக்கிறது. சாரத்தைக் குழாய்போலச் செய்து காலோடு ஒட்டிவிடுகிறார்கள். சாரம் எங்களுக்கு ஒரு மொழி. முழங்காலுக்கு மடித்துக் கட்டியிருப்பவர் பெரியவர் ஒருவரைக் கண்டதும் மடிப்பை அவிழ்த்து இறக்கிவிடுவார். இப்போது அவருடைய இரண்டு கையிலும் பொருளைக் கொடுங்கள், ஒன்றில் மீன் பை, மற்றதில் முருங்கைக்காய்க் கட்டு. பெரியவர் கதையை நிறுத்துவதாயில்லை. பை ஒரு கையிலிருந்து மற்றதற்குப் போகிறது, முழங்கை இடுப்பை நோக்கி வளைகிறது, முகம் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறது. முப்பரிமாணத்தில் செய்பவர்கள் துணிக் கணிப்பை (துணியின் அசைவைக் கணினியே கணிப்பதை) நம்பியிருந்தால் கணினியும் இழுக்கும், துணியும் நடுங்கும். விளிம்பைச் சுற்றி நாலு முதல் ஆறு எலும்புத் தொடர் (உருவத்தை அசைக்க மென்பொருளில் வைக்கும் மூட்டுக் கோர்வை) வைத்துக் கையால் அசைப்பது நல்லது. விளிம்பு முழங்காலுக்கு 2 முதல் 4 பிரேம் பிந்தி வரவேண்டும். இருபரிமாணத்தில் சாரத்துக்குத் தனி அடுக்கு வையுங்கள்.

குரலைக் கடைசியில் சேர்ப்பது

படத்தை முடித்துவிட்டுக் குரல் பதிந்தால் நடிப்பவர் வாயசைவைத் துரத்திக்கொண்டிருப்பார். குரல் முதலில், வரைதல் பிறகு. திக்கல், மூச்சு, "அதென்னெண்டால்..." என்ற இழுவை, இவற்றை வெட்டித் துப்புரவாக்காதீர்கள். 1989இல் ஆர்ட்மன் நிறுவனத்தில் நிக் பார்க் செய்த குறும்படம் ஒன்றில், நிஜ மனிதர்களின் நேர்காணல் ஒலிப்பதிவைத்தான் விலங்குக்காட்சிச்சாலை விலங்குகளின் வாயில் வைத்தார்கள். பேசியவர்களின் தயக்கம் அப்படியே இருந்தது. அதற்கு ஒஸ்கார் கிடைத்தது.

எழுத்துத் தமிழில் வசனம் எழுதுவது ஒரு பிழை, "வாங்க, உட்காருங்க" என்று சினிமாத் தமிழில் எழுதுவது அதைவிடப் பெரிய பிழை. "வாங்கோ, இருங்கோ" என்பதில் வருகிற வாய் வடிவமே வேறு, கடைசி ஓகாரத்தில் உதடு குவிந்து நிற்கும். நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படியும் கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண். இவ்வளவு நேரமும் "நீர்" என்று கதைத்தவர் திடீரென்று "நீங்கள் சொன்னால் சரிதானே" என்றால் கோபம் எவ்வளவு என்று எல்லாருக்கும் விளங்கும். வாயசைவில் ஒன்று மட்டும் கவனம்: ப, ம வரும்போது உதடு குறைந்தது 2 பிரேம் மூடவேண்டும், ஒலிக்கு ஒரு பிரேம் முந்தி மூடினால் இன்னும் நல்லது.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யோசிக்காமல் விடுவது

போரில் கால் இழந்தவர்கள் எங்களோடு வாழ்கிறார்கள். ஒருவர் சாய்ந்து நடப்பதைப் பகிடி நடையாக்குவது இங்கே எவருக்கும் சிரிப்பைத் தராது, தரவும் கூடாது. திக்குவாய், தோலின் நிறம், தீவுப்பகுதி, மலையகம், முஸ்லிம் மக்களின் பேச்சு வழக்கு, இவையும் அப்படியே. ஒருவர் என்னவாக இருக்கிறார் என்பதை விடுங்கள், அந்த நேரத்தில் என்ன செய்ய முயல்கிறார் என்பதை எடுங்கள். சந்தையில் மெதுவாக நடந்தவரை நினையுங்கள், அவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்பது தேவைப்படவே இல்லை.

இது சின்ன ஊர். ஒருவரின் உருவம், நடை, குரல் மூன்றையும் ஒரே பாத்திரத்துக்குக் கொடுத்தால் ஒரு கிழமைக்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும், அவருக்கு மனவருத்தம் மிஞ்சும். மூன்று பேரிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கலக்குங்கள். தெரியாமல் வீடியோ எடுக்கவே வேண்டாம், அதற்குத்தான் கொப்பி.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்பது

எங்கள் சனத்திடம் இப்படிக் கேட்டால் "நல்லாயிருக்கு தம்பி" என்பதுதான் வரும். கேட்காதீர்கள். வண்ணம் தீட்டுவதற்கு முன்பே, கீறல் நிலையில், கதை தெரியாத ஐந்தாறு பேருக்குப் போட்டுக்காட்டி, திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். சிரித்த செக்கனைக் குறித்துவையுங்கள். நீங்கள் நினைத்த இடத்துக்கு முன்பே சிரித்தால் ஊகித்துவிட்டார்கள், ஆயத்தத்தை வெட்டுங்கள். ஒரு செக்கன் பிந்திச் சிரித்தால் நிலை தெளிவில்லை, அந்த நிலைக்கு 8 முதல் 12 பிரேம் கூட்டிப் பாருங்கள். பார்ப்பவரின் போன் எந்த இடத்தில் கைக்கு வருகிறது என்பதையும் எழுதுங்கள்.

பிறகு ஒலியை நிற்பாட்டி வேறு நாலு பேருக்குப் போடுங்கள், பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் ஏராளம். ஹெல்மெட் கண்ணாடியில் கொழுவப்படும் இடத்தில் அப்போதும் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை என்றால் அந்தக் காட்சியைத் தொடாதீர்கள். முதல் இரண்டு தரமும் அவர் ஸ்டார்ட் பண்ணி நிற்பாட்டிய கை, உடம்போடு மறைந்துபோகாமல் வெளிக்கோட்டில் தெளிவாகத் தெரிந்ததா என்று போய்ப் பாருங்கள்.