ஹீரோ முகத்தை டிபியாக வைத்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிபியில் ஹீரோ முகம், ஹேண்டிலில் ஹீரோ பெயர், பயோவில் அடுத்த படத்தின் ரிலீஸ் தேதி. சொந்தப் பெயர் எங்கேயும் இருக்காது. தமிழ் சினிமா ரசிகர்கள் இருக்கிற ட்விட்டர் பக்கம் போனால் (எக்ஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், நம் ஆட்கள் இன்னும் ட்விட்டர் என்றுதான் சொல்கிறார்கள்) பாதிக்குப் பாதி இந்த மாதிரி ஐடிகள்தான். இவர்களை "வேலை வெட்டி இல்லாதவர்கள்" என்று வெளியே இருப்பவர்கள் சுலபமாக ஒதுக்கிவிடுகிறார்கள், அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வரும் பையனுக்கும், ஹாஸ்டலில் யாரோடும் ஒட்ட முடியாத பெண்ணுக்கும் ராத்திரி பதினொரு மணிக்கு "சாப்டியா நண்பா" என்று கேட்க ஒரு குரூப் இருக்கிறது. அவசரத்துக்கு ரத்தம் வேண்டும் என்று ஒருவர் போட்டால் நாலு ஊரிலிருந்து ஆட்கள் போன் எடுக்கிறார்கள். அது நிஜமான உறவு. அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய தவறிலிருந்தே ஆரம்பிக்கலாம். பெயர் போடவில்லை, அதனால் நான் யார் என்று யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கை. ஐடி ஆரம்பிக்கக் கொடுத்த போன் நம்பர், மெயில், எந்த இணைய இணைப்பிலிருந்து உள்ளே வந்தீர்கள் என்ற பதிவு எல்லாம் கம்பெனியிடம் இருக்கும், போலீஸ் முறைப்படி கேட்டால் அது வெளியே வரும். அது இருக்கட்டும், அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஹீரோ பிறந்தநாளுக்கு பேனர் வைக்க குரூப்பில் ஆளுக்கு இருநூறு ரூபாய் கேட்டார்கள், நீங்கள் ஜிபேயில் அனுப்பினீர்கள். பணம் வாங்கியவர் போனில் உங்கள் பேங்க் அக்கவுன்ட் பெயர், இனிஷியலோடு, அப்படியே வந்துவிட்டது. முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்க நம்பர் கொடுத்தீர்கள், தியேட்டர் வாசலில் எல்லோரும் சேர்ந்து செல்ஃபி எடுத்தீர்கள். ஆறு மாதம் கழித்து குரூப்பில் சண்டை வந்து இரண்டாக உடையும்போது, எதிர்த்தரப்பு கையில் உங்கள் பெயர், நம்பர், முகம், நீங்கள் ராத்திரியில் எழுதிய கெட்ட வார்த்தைகளின் ஸ்க்ரீன்ஷாட் எல்லாமே இருக்கும்.

இதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைப்பவர்கள் 2024 ஜூனில் கர்நாடகத்தில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். சித்ரதுர்காவைச் சேர்ந்த ஒருவர், கன்னட நடிகர் தர்ஷனின் ரசிகர் என்று சொல்லப்பட்டவர், தர்ஷனுக்கு நெருக்கமான ஒரு நடிகைக்கு போலி ஐடியிலிருந்து ஆபாசமாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார். ரசிகர் மன்ற ஆட்கள் மூலமாகவே அவரைக் கண்டுபிடித்து, காரில் பெங்களூருக்குக் கூட்டிவந்து அடித்துக் கொன்றார்கள் என்பது போலீஸ் தரப்புக் குற்றச்சாட்டு. தர்ஷன் கைதானார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்த மெசேஜ்கள் பெரிய தப்புதான், அதற்குப் புகார், வழக்கு என்று வழி இருக்கிறது. ஆனால் பெயரில்லாத ஐடி என்ற தைரியம் எவ்வளவு மெல்லியது என்பதும், ஹீரோவுக்காக எதையும் செய்யலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பினால் அது எங்கே போய் நிற்கும் என்பதும் இந்த ஒரே வழக்கில் தெரிகிறது.

பழைய மன்றங்களிலும் சண்டை இருந்தது. எம்.ஜி.ஆர். ரசிகர்களும் சிவாஜி ரசிகர்களும் அடித்துக்கொள்ளாத ஊரா? ஆனால் மன்றத்துக்கு போர்டு இருந்தது, தலைவர், செயலாளர், பொருளாளர் இருந்தார்கள், போஸ்டரின் கீழே பெயரும் தெருவும் அச்சாகியிருக்கும். நேற்று திட்டியவனை இன்று காலை டீக்கடையில் பார்த்தாக வேண்டும், அந்தக் கூச்சமே பல பேரைத் தடுத்தது. போனில் அந்தக் கூச்சம் போய்விட்டது.

அது போனதால் நடந்தவற்றை எல்லோரும் பார்த்தோம். 2017ல் ஒரு பெண் பத்திரிகையாளர் விஜய் நடித்த ஒரு பழைய படத்தைப் பற்றி ஒரு வரி எழுதினார். அதற்கு வந்த வசவுகள் ஒரு டேக்காகவே (ஹேஷ்டேக்) ஓடின. கடைசியில் பெண்களை மதிக்க வேண்டும் என்று விஜய் அறிக்கை விட வேண்டிவந்தது. 2019 ஜூலையில் உயிரோடு இருக்கும் விஜய்க்கு அஞ்சலி டேக் போட்டு இந்திய அளவில் டிரெண்ட் ஆக்கினார்கள் எதிர்த்தரப்பான அஜித் ரசிகர்கள். இதில் ஈடுபட்ட பெரும்பாலான பிள்ளைகள் நேரில் பார்த்தால் ஒரு வார்த்தை கடிந்து பேசத் தெரியாதவர்களாகக்கூட இருப்பார்கள். டிரெண்ட் பட்டியலில் மொத்த எண்ணிக்கை அதிகமான டேக்கைவிட, குறைந்த நேரத்தில் குபீரென்று ஏறுகிற டேக்தான் மேலே வரும். அதனால் "மாலை ஆறு மணிக்கு டேக், அதுவரை யாரும் யூஸ் பண்ணாதீங்க" என்று குரூப்பில் அறிவிப்பு வரும், ஆறு அடித்ததும் எல்லோரும் சேர்ந்து கொட்டுவார்கள். என்ன டேக் என்பது அந்த நிமிடத்தில்தான் தெரியும், யோசிக்க நேரமில்லை, எல்லோரும் போடுகிறார்கள், நாமும் போடுகிறோம். அந்த ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்த வரியை என் சொந்தப் பெயரில், என் அம்மா பார்க்கிற இடத்தில் போடுவேனா? போடமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். குரூப்பில் ஒருவர் போடாததை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

திட்டுவது ஹீரோவுக்குச் செய்கிற சேவை என்று சிலர் மனதார நம்புகிறார்கள். அஜித் 2011லேயே மன்றங்களைக் கலைத்தார். 2021 டிசம்பரில் "தல" என்று கூப்பிட வேண்டாம் என்றார். 2024 டிசம்பரில் "கடவுளே அஜித்தே" கோஷம் வேண்டாம் என்று அறிக்கையே விட்டார். இதற்கு மேல் ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்? அவர் மேல் அன்பு இருந்தால் அவர் வாய்விட்டுக் கேட்டதைச் செய்யுங்கள். 2023 ஜனவரி 11 அன்று 'துணிவு' கொண்டாட்டத்தில் ஓடுகிற லாரி மேல் ஏறி ஆடிய ஒரு பையன், கோயம்பேடு பக்கம் தியேட்டருக்கு எதிரில் கீழே விழுந்து இறந்துபோனான். பத்தொன்பது வயது. அன்று ராத்திரியும் அஜித், விஜய் ரசிகர்கள் இரண்டு தரப்பும் வசூல் சண்டையை நிறுத்தவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வசூல் விஷயத்தில் ஒன்று மட்டும். கிராஸ் என்பது டிக்கெட் விற்ற மொத்தத் தொகை, வரி போனால் நெட், அதில் தியேட்டர் பங்கு போக விநியோகஸ்தருக்கு வருவது ஷேர். ஒரு படத்தின் கிராஸை இன்னொரு படத்தின் ஷேரோடு ஒப்பிட்டு ராத்திரி முழுக்க உருட்டுகிறார்கள். எல்லோரும் நம்பக்கூடிய அதிகாரபூர்வக் கணக்கு நம் நாட்டில் கிடையாது. இதற்காக நண்பனை பிளாக் பண்ணுவது வீண்.

பெண்கள் பெயரில்லாமல் இருப்பது வேறு கதை. அவர்களுக்கு அது பாதுகாப்பு. ஸ்பேஸில் (ட்விட்டரில் குரலில் பேசும் அறை) ஒரு பெண் ஹீரோவின் பாட்டைப் பற்றி நன்றாகப் பேசினால் அடுத்த நிமிடம் "ஃபேக் ஐடியா, ஒரு போட்டோ அனுப்பு, நம்புறேன்" என்று டிஎம் (தனி மெசேஜ்) போகிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ரசிகை என்பதற்கு எந்த நிரூபணமும் தேவையில்லை. தங்கைகளே, நீங்களும் யாருக்கும் எதையும் நிரூபிக்காதீர்கள், அட்மினாகவே இருந்தாலும். தொல்லை எல்லை மீறினால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் கிரைம் தளத்தில் புகார் கொடுங்கள். ஆன்லைனில் புண்படும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015ல் ரத்து செய்துவிட்டது, இனி ஆன்லைனில் எதுவும் பேசலாம் என்று சில அண்ணன்கள் குரூப்பில் சட்டம் சொல்வார்கள். அதே சட்டத்தில் ஆபாசத்துக்கு 67, அடுத்தவராக நடித்து ஏமாற்றினால் 66டி எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன, பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் தனிக் குற்றம்.

அப்புறம், ஹீரோவின் ஐடியிலிருந்து ஒரு லைக் வந்தால் அவருக்கு நம்மைத் தெரியும் என்று அர்த்தமில்லை, அந்தப் பக்கத்தைப் பல நேரம் ஒரு டீம்தான் பார்த்துக்கொள்ளும். "சாரை மீட் பண்ண வைக்கிறோம், ஐயாயிரம் கட்டுங்க" என்று வந்தால் மோசடி. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, பலர் யோசிக்காத ஒரு தவறு. வருடக்கணக்காக ஒருவரோடு தினமும் பேசுகிறீர்கள். ஒருநாள் அவர் "போதும்டா எல்லாம்" என்று போட்டுவிட்டு ஐடியை டீஆக்டிவேட் செய்துவிடுகிறார். குரூப்பில் நாற்பது பேர் பதறுகிறார்கள், யாருக்கும் அவர் பெயர் தெரியாது, மதுரைப் பக்கமா தேனிப் பக்கமா என்பதுகூடத் தெரியாது. எல்லோருக்கும் சொல்ல வேண்டாம், நீண்ட நாள் பழகி, முடிந்தால் ஒருமுறை நேரிலும் பார்த்த இரண்டு பேரிடமாவது உங்கள் உண்மையான பெயரையும் வீட்டில் ஒருவர் நம்பரையும் கொடுத்து வையுங்கள், அவர்களுடையதையும் வாங்கி வையுங்கள். நண்பர் இப்படி எழுதினால் மீம் போடாமல் போன் போடுங்கள். மனநல உதவிக்கு 14416 அல்லது 104ல் இருபத்து நான்கு மணி நேரமும் பேச ஆள் உண்டு, இரண்டு நம்பரையும் குரூப்பில் பின் பண்ணி வையுங்கள்.