ராமேஸ்வரத்தில் குறைந்த செலவில் ரூம் பிடிப்பது எப்படி?

மதுரைக்காரர்களுக்கு ராமேஸ்வரம் போக வழி சொல்லத் தேவையில்லை. மாட்டுத்தாவணியில் பஸ் இருக்கிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் பாசஞ்சர் ரயிலும் மறுபடி ஊருக்குள் போகிறது. ரூம் விஷயத்தில்தான் அம்மாவோடு போனபோது நான் ஏமாந்தேன்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். தை, ஆடி, மகாளய அமாவாசை நாட்களில் வாடகை கேட்பதே வீண். என் ஓட்டு செவ்வாய், புதனுக்கு.

அடுத்து இடம். ‘கடல் தெரியும் ரூம்’ என்று கூடக் காசு கேட்டால் நான் தரமாட்டேன். கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரேயே அக்னி தீர்த்தம், அதாவது கடல். கிழக்கு வாசலுக்கு எத்தனை நிமிட நடை என்று மட்டும் கேளுங்கள். கடலில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டுச் சொட்டச் சொட்ட நிற்பீர்கள்; ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை குறைவுதான். ஆனால் மிச்சம் பிடித்ததை ஆட்டோவுக்குக் கொடுத்துவிடுவீர்கள், அதுவும் ஈர வேட்டியோடு பேரம் பேசி.

இப்போது நான் சறுக்கிய இடம். ஐந்து மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்காக விடியுமுன்னே போய் இறங்கி, 900 ரூபாய்க்கு ரூம் போட்டேன். ஒரு நாள் வாடகைதானே என்று நினைத்தேன். பகல் 12 மணிக்குக் கதவைத் தட்டி, “காலி பண்றீங்களா, இன்னொரு நாள் போடவா?” என்றார்கள். அம்மா அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். 1,800 ஆனது.

சில லாட்ஜில் பகல் 12 மணிக் கணக்கு, சிலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. போனிலேயே “எத்தனை மணிக்கு வந்தா, எப்பக் காலி பண்ணணும்?” என்று கேட்டுவிடுங்கள். 24 மணி நேரம் என்றாலும் விடிகாலை நுழைந்தால் மறுநாள் விடிகாலையே மூட்டை கட்ட வேண்டும். அதனால் இப்போதெல்லாம் காலை பாசஞ்சரில் கிளம்பி, பகலில் போய் ரூம் எடுக்கிறேன். ராத்திரி நிம்மதியாகத் தூக்கம், விடிகாலை ஸ்படிக லிங்கம், அப்புறம் தீர்த்தமாடித் துணி மாற்றி, இட்லி சாப்பிட்டுக் காலி செய்யலாம்.

ஆப்பில் பதிவு செய்வதைவிட, மேப்பில் நம்பர் எடுத்து நேரே பேசுவதே எனக்குப் பிடிக்கும். குழாயில் உப்புத் தண்ணீரா என்பதையும் கேட்டுவிடலாம்.

பின்சேர்க்கை: தனியாகப் போன நண்பர் ஒருவருக்கு மூன்று இடத்தில் ரூம் இல்லை என்றுவிட்டார்களாம். ஒற்றை ஆளுக்கு அங்கே பல லாட்ஜிலும் மடத்திலும் தயங்குவார்கள். ஆள் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தனுஷ்கோடியில் தங்கலாமா என்றும் சிலர் கேட்டார்கள். 1964 புயலில் அழிந்த ஊர் அது, லாட்ஜ் கிடையாது. சாயங்காலத்துக்கு மேல் வண்டியும் விடமாட்டார்கள். அங்கே நிலம் முடியும் அரிச்சல்முனையைப் பகலிலேயே பார்த்துவிட்டு ரூமுக்குத் திரும்பிவிடுங்கள்.